நாய் எதற்காக முழிக்கிறது?

கேள்வி: வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் எங்கள் நாய் செருப்பு, சோபா எல்லாவற்றையும் குதறிவிடுகிறது. கதவைத் திறந்தால் காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு திருட்டு முழி முழிக்கும். சில நாள் எதையும் கடித்திருக்காது, அன்றைக்கும் அதே முழிதான். தப்பென்று தெரிந்தே செய்வதை எப்படித் திருத்துவது? பத்து வயது மகன்கூடக் குச்சியைத் தூக்குகிறான்.
- வாசகி, சேலம்

பதில்: செருப்பு கிடக்கட்டும். 'எதையும் கடிக்காத நாளிலும் அதே முழிதான்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அன்றைக்கு எந்தத் தப்பை நினைத்து முழித்ததாம்?

நியூயார்க்கில் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதையே 14 நாய்களை வைத்துச் சோதித்து, 2009-இல் வெளியிட்டார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். சில சுற்றில் நாய் தின்றது, சிலவற்றில் இல்லை. திரும்பி வந்தவரிடம் நாய் தின்றதா இல்லையா என்று சொல்வார்கள், தின்றது என்றால் அவர் திட்டுவார்; சில தடவை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார்கள். தின்றதற்கும் அந்தத் திருட்டு முழிக்கும் சம்பந்தமே இல்லை, திட்டினால் முழித்தது. தின்னாமலே திட்டு வாங்கியபோதுதான் இன்னும் அதிகம். உங்கள் நாயும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறது.

சரி, குதறுவது ஏன்? 2010-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மெண்டல் குழு காப்பகத்து நாய்கள் 24-ஐச் சோதித்தது. அறையின் ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் தீனி இருக்கும், மறுபக்கம் வைத்தால் காலி. நாய் இதைப் பழகிய பிறகு கிண்ணத்தை நடுவில் வைத்து, எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்தார்கள். தனியே விட்டால் குரைத்துக் குதறும் நாய்கள் மற்ற நாய்களைவிட மெதுவாகவே வந்தன. இங்கேயும் ஒன்றும் இருக்காது என்ற சோர்வு அது. ஆக, குதறுவது கொழுப்பால் அல்ல, தனிமைத் தவிப்பால் இருக்கலாம்.

குச்சியை மகனிடமிருந்து இன்றே வாங்குங்கள். காரணம் தெரியாமல் ஒரு உயிரை அடிக்கலாம் என்று அவன் உங்கள் வீட்டில்தான் கற்றிருக்கிறான். அது பெற்றவர்கள் பொறுப்பு. நாயைக் கூட்டி வந்தீர்கள். அதற்குத் துணை ஏற்பாடு செய்வதும் உங்கள் கடமைதான், அதன் கடமை இல்லை.

கிளம்பும்போது போனை வீடியோவில் வைத்துவிட்டுப் போங்கள். முதல் அரைமணியிலேயே ஊளை, கதவைப் பிராண்டல், ஓயாத நடை என்றால் அது தவிப்பு. நன்றாகத் தூங்கி எழுந்து பிறகு கடித்தால் சலிப்பாக இருக்கலாம்; காலையில் நீண்ட நடை கொடுங்கள். தவிப்பென்றால் அரை நிமிடம் வெளியே நின்று, அது பதறுமுன் உள்ளே வாருங்கள். பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பதறினால் நேரத்தைக் குறையுங்கள். பழகும்வரை பகலில் யாராவது கூட இருக்கட்டும். அப்படியும் அடங்காவிட்டால் அந்த வீடியோவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.