கேள்வி – பதில்: செம்பருத்தி

இந்த இதழில் செம்பருத்தி பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கடிதங்கள் பலவற்றிலும் குறை ஒன்றுதான்: செடி இருக்கிறது, பூ இல்லை.

கேள்வி: மூன்று வருடச் செடி. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. உச்சியில் எப்போதாவது ஒன்றிரண்டு பூக்கள். கீழே வெறும் குச்சி. வெட்டினால் செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாக வெட்டுங்கள். வெட்டாமல் விட்டதுதான் கோளாறு. செம்பருத்தி புதுத் தளிரில் மட்டுமே மொட்டு வைக்கும். முற்றிய கட்டையில் வைக்காது. உங்கள் செடியில் புதுத் தளிர் இருப்பது உச்சியில் மட்டும்தான், அதனால் பூவும் அங்கேயே நிற்கிறது.

முதலில் காய்ந்த கிளைகளையும், உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் அடியோடு எடுத்துவிடுங்கள். மீதிக் கிளைகளை அவற்றின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். அந்தக் கணுவிலிருந்து வரும் கிளை வெளியே போகும், செடியின் நடுவில் வெயிலும் காற்றும் இறங்கும். கத்தரி மழுங்கலாக இருந்தால் தண்டு நசுங்கி நுனியிலிருந்து கருகிக்கொண்டு வரும்.

ரொம்பவும் வளர்ந்த செடியை ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாம். பாதிக் கிளைகளை இப்போது, மீதியை ஆறு வாரம் கழித்து. வெட்டியபின் புதுத் தளிர் நீண்டு மொட்டு வைக்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். “வெட்டினேன், இருந்த பூவும் போச்சு” என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் எழுதுகிறார்கள். குளிர் காலத் தொடக்கத்தில் மட்டும் கத்தரியைத் தொடாதீர்கள். தளிர் விட வேண்டிய நேரத்தில் செடி உறங்கிக் கிடக்கும்.

கேள்வி: நாள் தவறாமல் மொட்டு விடுகிறது. விரிவதற்கு முதல் நாள் மஞ்சளாகி உதிர்கிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தை மறந்துவிட்டு, உதிர்ந்த மொட்டுகளில் நாலைந்தைப் பொறுக்கி, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பாதி விடை அதற்குள் இருக்கும்.

உள்ளே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெளிர் நிறப் புழுக்கள் நெளிகின்றனவா? அது மொட்டு ஈ. கொசுவை விடச் சிறிய ஈ மொட்டுக்குள் முட்டையிடும், புழு உள்ளிருந்தே தின்னும், மொட்டு விழுந்ததும் வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். முட்டை ஈயாக மாற ஏறத்தாழ மூன்று வாரம். புழு மொட்டுக்குள் மூடிக்கொண்டு இருப்பதால், மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. கைவேலைதான் வழி: மஞ்சளாகத் தொடங்கும் மொட்டுகளை உதிரும் முன்பே தினமும் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில் வையுங்கள். கீழே விழுந்ததை ஒன்று விடாமல் பொறுக்குங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மண்ணின் மேல் ஓர் அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை இடுங்கள். ஒரு வாரம் செய்து நிறுத்தினால் பலன் இருக்காது. ஐந்து வாரம் விடாமல் செய்தால்தான் சுழற்சி அறும்.

புழு இல்லை, ஆனால் இதழ் ஓரங்கள் பழுப்பாகித் தீய்ந்தது போல இருக்கின்றன என்றால் இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் மொட்டைத் தட்டினால் நூல்துண்டு போன்ற பூச்சிகள் ஓடும். அடுத்த கேள்வியில் சொல்லும் வேப்ப எண்ணெய்க் கரைசலே இதற்கும் போதும்.

இரண்டும் இல்லை என்றால் தண்ணீர். மொட்டு பருக்கும் நேரத்தில் தொட்டி ஒருமுறை வறண்டு, இலை தொங்கி, பிறகு நீங்கள் வாளி வாளியாக ஊற்றினால், செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான். 12 அங்குலத் தொட்டி கடும் கோடையில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் கேட்கும். மேல் மண்ணில் ஓர் அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமிருந்தால் விடுங்கள். மொட்டோடு இருக்கும் தொட்டியை இடம் மாற்றுவதும் உதிர்வில் முடியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுக்குச் செம்பருத்திக்கு மொட்டு உதிர்க்கும் இயல்பு கொஞ்சம் கூடுதல். பத்தில் ஒன்றிரண்டு விழுந்தால் மருந்தைத் தேடிப் போக வேண்டாம். நிறைய பூ வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் ஓட்டு ஐந்திதழ் ஒற்றைச் சிவப்புக்குத்தான்.

கேள்வி: நுனித் தளிர்கள் சுருண்டு முட்டைக்கோஸ் போலக் கொத்தாகிவிட்டன. மேலே வெள்ளைப் பஞ்சு. மூன்று முறை மருந்தடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது.

பதில்: மாவுப்பூச்சி. நசுக்கினால் விரலில் சிவப்பு ஒட்டி, தளிரும் சுருண்டிருந்தால் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி என்று எடுத்துக்கொள்ளலாம். சாறு உறிஞ்சும்போது அது செலுத்தும் உமிழ்நீர்தான் தளிரைச் சுருட்டுகிறது. சுருண்ட தளிர் இனி நிமிராது.

மருந்து ஏன் தோற்கிறது? பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு, தண்ணீர் ஒட்டாது. முட்டைகள் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும், மருந்து அங்கே போகாது. சுருண்ட தளிரின் மடிப்புக்குள் ஒளிந்திருப்பவை தனி. போதாததற்கு எறும்பு. பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன, அதன் எதிரிகளை விரட்டுகின்றன.

ஆகவே முதலில் கத்தரி. சுருண்ட நுனிகளை நல்ல தண்டு வரை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பூச்சியில் பெரும்பங்கு அதோடு போய்விடும். இரண்டாவது, வெறும் தண்ணீர். குழாயில் விரலை வைத்து அழுத்தமாகப் பீய்ச்சி, கணுக்களையும் இலையின் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை. மருந்து அதற்குப் பிறகுதான்.

5 மில்லி வேப்ப எண்ணெயில் 2 மில்லி திரவ சோப்பை ஊற்றி, பால் போலக் குழையும்வரை கலக்குங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நேரடியாகத் தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் மிதக்கும், தெளிப்பானில் வெறும் தண்ணீர்தான் வரும், கடைசியில் வரும் எண்ணெய் இலையைக் கருக்கும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். மாலையில் மட்டும் தெளியுங்கள். முதல் தடவை இரண்டு இலையில் அடித்து, ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதில் அடிப்பது நல்லது. ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை அடியுங்கள். முட்டையிலிருந்து அவ்வப்போது வெளிவரும் குஞ்சுகளுக்கு இன்னும் மெழுகு ஏறியிருக்காது, மருந்து கொல்வது அவற்றைத்தான்.

எறும்புக்கு: தொட்டித் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். பக்கத்துச் சுவரையோ வேறு செடியையோ ஓர் இலை தொட்டுக்கொண்டிருந்தாலும் அதுவே பாலம்.

மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, அதே வெள்ளைப் பஞ்சோடு, ஆனால் பெரியதாக, விறுவிறுவென்று நடக்கும் ஒன்றைக் கண்டால் கொல்லாதீர்கள். கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு அது. மாவுப்பூச்சிதான் அதன் சாப்பாடு. அது வந்துவிட்டால் தெளிப்பதை நிறுத்திவிடலாம்.

கேள்வி: இலைகள் மஞ்சளாகின்றன. டிஏபி உரம் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: ஆகத்தான் செய்யும். டிஏபியில் மணிச்சத்துதான் (பாஸ்பரஸ்) அதிகம். செம்பருத்திக்கு அது கொஞ்சம் போதும். மிகுந்தால் இரும்பையும் துத்தநாகத்தையும் வேர் எடுக்க விடாது.

எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். நுனி இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் அல்ல, மண் காரமாக இருப்பதால் வருவது. இந்தச் செடிக்கு மண்ணின் கார அமிலத் தன்மை (pH) 6 முதல் 7க்குள் இருப்பது உகந்தது. செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் செலேட் வடிவ இரும்பை, பொட்டலத்தில் சொன்ன அளவில் தெளித்தால் இரண்டு வாரத்தில் தேறும். அடியிலைகளில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் என்றால் மெக்னீசியம் குறை. லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), மாதம் ஒருமுறை. இலை முழுதும் மஞ்சளாகி, மண்ணும் சொதசொதவென்று இருந்தால் வடிகால் துளையைக் குத்திவிடுங்கள், வேறெதுவும் போட வேண்டாம். இலையில் ஊசி குத்தியது போலப் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் இருந்தால் செஞ்சிலந்தி. அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவினாலே பாதி குறையும்.

வழக்கமான ஊட்டத்துக்கு மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம். பூக்கும் காலத்தில் லிட்டருக்கு 2 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (சாம்பல் சத்து உரம்), 15 நாளுக்கு ஒருமுறை. காய்ந்த மண்ணில் உரக் கரைசல் ஊற்றினால் வேர் வெந்துவிடும். முதலில் தண்ணீர், பிறகு உரம்.

கேள்வி: ஜன்னலோரம் வீட்டுக்குள் வைத்தால் பூக்குமா?

பதில்: ஆறு மணி நேரம் நேர் வெயில் அந்த ஜன்னலில் விழுமானால் பூக்கும். இல்லையென்றால் இலைச்செடிதான்.

கேள்வி: குச்சி நட்டால் துளிர்க்கிறது. மகிழ்ச்சியோடு வெயிலில் வைத்தால் வாடிச் சாகிறது. விதையும் கிடைப்பதில்லை.

பதில்: துளிர் வேருக்குச் சாட்சி இல்லை. குச்சியில் சேமித்திருந்த சத்தில் இரண்டு இலை விடும், அது தீர்ந்ததும் சாகும். மெதுவாக இழுத்துப் பார்த்துக் குச்சி பிடிவாதம் பிடித்தால்தான் வேர் என்று அர்த்தம். அதற்கு ஐந்து முதல் எட்டு வாரம் வேண்டும்.

பச்சை நுனியும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். பென்சில் தடிமனில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய தண்டில் 15 சென்டிமீட்டர் எடுங்கள். அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக வெட்டுங்கள். வேர் ஊக்கித் தூளில் அடியைத் தொட்டு, ஆற்று மணலும் தேங்காய் நார்க்கழிவும் சரிபாதி கலந்த கலவையில் இரண்டு கணு புதையும்படி நடுங்கள். உரம் கூடாது, அழுகும். மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து வெளிச்சமான நிழலில் வையுங்கள். பையோடு வெயிலில் வைத்தால் குச்சி வெந்துவிடும். வேர் பிடித்தபின் பையைத் தினமும் கொஞ்ச நேரம் எடுத்துப் பழக்கி, இரண்டு வாரத்தில் வெயிலுக்குக் கொண்டு வாருங்கள்.

பெரிய பூ விடும் கலப்பின வகைகள் பல குச்சியில் பிடிக்கும், ஆனால் சொந்த வேரில் நோஞ்சானாகவே இருக்கும். அவற்றை வீரியமான நாட்டு ரகத்தின் மேல் ஒட்டுக்கட்டுவதே முறை. விதை விஷயம்: பழைய சிவப்பு ரகங்கள் தாமாக விதை பிடிப்பது அரிது. கலப்பின விதை கிடைத்தாலும் தாய்ச்செடியின் பூ வராது.

கேள்வி: இந்தப் பூவில் தேநீர் போட்டேன். கடையில் வாங்கிய செம்பருத்தித் தேநீர் போலப் புளிக்கவே இல்லையே?

பதில்: அது வேறு செடி. கடைகளில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் சீமைப் புளிச்சையின் சதைப்பற்றான புல்லிவட்டம், அதாவது பூவை அடியில் தாங்கும் உறை. தன்னிலேயே புளிப்புள்ளது. நம் செடியின் இதழில் நிறம் உண்டு, புளிப்பு இல்லை.

அன்று மலர்ந்த இரண்டு பூக்களில் பச்சைக் காம்புப் பகுதியையும், நடுவே நீண்டிருக்கும் மகரந்தக் குழலையும் நீக்குங்கள். இதழை மட்டும் 200 மில்லி கொதிநீரில் போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். ஊதா கலந்த நீர் வரும். நாலு சொட்டு எலுமிச்சை விட்டதும் பளீரென்று சிவக்கும். சமையல் சோடா போட்டால் பச்சையாகும். குடிப்பதற்கு அல்ல, பிள்ளைகளுக்குக் காட்ட. மருந்து தெளித்த செடியின் பூவையும், மாலைக்கு விற்கும் பூவையும் தவிருங்கள். கருவுற்றவர்களும் கருத்தரிக்க முயல்பவர்களும் இதைக் குடிக்க வேண்டாம்.

கேள்வி: தலைக்குக் காய்ச்சிய செம்பருத்தி எண்ணெய் பத்து நாளில் பூஞ்சை பிடித்துவிட்டது.

பதில்: ஈரம் தங்கிவிட்டது. 250 மில்லி தேங்காய் எண்ணெய்க்குப் பத்துப் பூ, ஒரு கைப்பிடி இலை போதும். கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்திவிட்டுப் போடுங்கள். சிறு தீயில் சடசடப்பும் குமிழும் அடங்கும்வரை காய்ச்சுங்கள். சத்தம் நின்றால் தண்ணீர் போய்விட்டது. இதழ் மொறுமொறுப்பாக வேண்டும், கருகக் கூடாது. பாத்திரத்தை மூடாமல் ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த நீர் மறுபடி எண்ணெயில் சொட்டும். மெல்லிய துணியில் வடிகட்டி, நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள்.

வழுக்கையில் முடி முளைக்கும் என்று நம்பி இதைக் காய்ச்ச வேண்டாம். தலை அலச இலையே மேல். இருபது இலையை அரை மணி ஊறவைத்துக் கசக்கினால் வரும் கொழகொழப்பு அழுக்கையும் கொஞ்சம் எடுக்கும், முடியைச் சிக்கில்லாமலும் ஆக்கும். வடிகட்டாமல் தேய்த்தால் திப்பி முடியில் சிக்கி, எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.