வெறுங்கால் நாயகனும் இரண்டாம் பாகமும்

கேள்வி: அதிரடித் திரில்லர் படங்களின் அடுத்தடுத்த பாகங்கள் முதல் படத்துக்கு ஈடாக நிற்கின்றனவா?

பெரும்பாலும் நிற்பதில்லை. சில நிற்கின்றன, ஒன்றிரண்டு முதல் படத்தையே தாண்டியும் போயிருக்கின்றன. இதற்குக் காரணமாகப் பணத்தாசை, இயக்குநர் மாறியது, சொல்வதற்குக் கதை இல்லாமல் போனது என்று வழக்கமாகச் சிலவற்றை அடுக்குவார்கள். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பணத்தாசையோடு எடுக்கப்பட்டு மிக நன்றாக வந்த படங்களும் உண்டு, அதே இயக்குநர் எடுத்துக் கவிழ்ந்த படங்களும் உண்டு. வாடகை வீடியோ கேசட் காலத்திலிருந்து இவ்வகைப் படங்களை விடாமல் பார்த்துவரும் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முதல் படத்தின் விறுவிறுப்பு நாயகனிடம் எது இல்லையோ அதிலிருந்து பிறக்கிறது. அடுத்த பாகத்தை எடுக்க வருகிறவர்களோ அவனிடம் எது இருந்ததோ அதைக் கூட்டிக் காட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

1988இல் வந்த ‘டை ஹார்ட்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க் காவலரான ஜான் மெக்ளேன், பிரிந்து வாழும் மனைவியைப் பார்ப்பதற்காகக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லாஸ் ஏஞ்சலஸ் வருகிறார். பயணக் களைப்பு நீங்கவேண்டுமானால் காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டுத் தரைவிரிப்பில் நின்று கால்விரல்களை மடக்கிப் பார்க்கும்படி விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்கிறார். மனைவியின் அலுவலகக் குளியலறையில் மெக்ளேன் அதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் ஆயுதக் கும்பல் கட்டடத்துக்குள் நுழைகிறது. அவர் அப்படியே ஓடுகிறார். காலில் எதுவும் இல்லை. பின்னர் ஒருவனை வீழ்த்திவிட்டு அவனுடைய காலணியைப் போட்டுப் பார்க்கிறார். அதுவும் சிறியதாக இருக்கிறது. சிரிப்பதற்காக வைத்த காட்சி என்று நினைத்து நாம் கடந்துபோகிறோம். ஆனால் கும்பல் தலைவன் ஹான்ஸ் குரூபர் பணயக்கைதிபோல நடித்து மெக்ளேனுக்கு எதிரே நிற்கும் இடத்தில் அவனுடைய பார்வை ஒரு கணம் கீழே, அந்த வெறுங்காலுக்குப் போய்வருகிறது. சிறிது நேரத்தில் சண்டை மூளும்போது, கண்ணாடிகளைச் சுடும்படி தன் ஆளிடம் சொல்கிறான். அந்தத் தளம் முழுவதும் கண்ணாடித் தடுப்புகள்.

அடுத்து வரும் காட்சிதான் அந்தப் படத்தின் உயிர். ரத்தம் சொட்டும் கால்களை இழுத்துக்கொண்டு ஒரு கழிப்பறைக்குள் வந்து அமர்ந்து, பாதத்திலிருந்து கண்ணாடிச் சில்லுகளைப் பிடுங்கியபடியே, கட்டடத்துக்கு வெளியே நிற்கும் முகம் தெரியாத ஒரு காவலரிடம் வாக்கிடாக்கியில் பேசுகிறார் மெக்ளேன். தான் பிழைக்காவிட்டால் மனைவியிடம் தன் சார்பில் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். குரல் உடைகிறது. அதிரடிப் படத்தின் நாயகன் தோற்றுவிடக்கூடும் என்று நான் முதன்முதலாக நம்பியது அந்த இடத்தில்தான். அதுவரை நான் பார்த்திருந்த நாயகர்கள் அனைவரும் சட்டை கிழிந்தால் பலம் கூடுகிறவர்களாகவே இருந்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1990இல் ‘டை ஹார்ட் 2’ வந்தது. மறுபடியும் கிறிஸ்துமஸ், மறுபடியும் ஆபத்தில் மனைவி. கட்டடத்துக்குப் பதிலாக வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையம். ஒரே ஆளுக்கு இப்படி இரண்டாவது முறையும் நடக்குமா என்று மெக்ளேனே படத்துக்குள் அலுத்துக்கொள்வார்; திரைக்கதை எழுதியவர்களின் மனச்சாட்சி பேசுவதாகவே எனக்கு அது கேட்கும். முதல் படத்தைவிட அதிகம் வசூலித்த இந்தப் படம் மோசமான படமல்ல. ஆனால் இதில் மெக்ளேனின் காலில் காலணி இருக்கிறது. அவரால் எதையும் செய்ய முடியும் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இந்தப் படத்தில் என் நினைவில் தங்கிய இடம் ஒன்றே ஒன்று: தவறான தரைமட்ட அளவை நம்பி இறங்கிவரும் பயணிகள் விமானத்தை எச்சரிப்பதற்காக, பனி கொட்டும் ஓடுபாதையில் இரண்டு தீவட்டிகளை ஆட்டிக்கொண்டே ஓடுகிறார் மெக்ளேன். பலன் இல்லை. விமானம் தரையில் மோதி வெடிக்கிறது, உள்ளே இருந்த அனைவரும் இறந்துபோகிறார்கள். அவர் தோற்ற அந்த ஒரு காட்சியில் மட்டும் முதல் படத்தின் மூச்சு இருக்கிறது.

மூன்றாம் பாகம் 1995இல் வந்தபோது முதல் படத்தின் இயக்குநர் ஜான் மெக்டீர்னன் திரும்பி வந்திருந்தார். ‘டை ஹார்ட்’ வரிசைக்குத் தொடர்பே இல்லாமல் எழுதப்பட்ட வேறொரு திரைக்கதையைத்தான் இதற்காக மாற்றி அமைத்தார்கள் என்றாலும், இரண்டாம் பாகத்தைவிட இதுவே முதல் படத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. முந்தைய இரவு குடித்த குடியின் தலைவலி மெக்ளேனைப் படம் முழுவதும் வாட்டுகிறது. நகரமே வெடித்துச் சிதறிக்கொண்டிருக்க, அவர் ஆஸ்பிரின் மாத்திரை கேட்டு அலைகிறார். பூங்கா நீரூற்றின் அருகில் மூன்று காலன், ஐந்து காலன் கேன்களை வைத்துக்கொண்டு சரியாக நான்கு காலன் தண்ணீரை அளந்து வைத்தால்தான் வெடிகுண்டு அடங்கும் என்ற நிலையில், துப்பாக்கியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பள்ளிக்கூடக் கணக்கு தெரியாமல் இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு வியர்ப்பதைப் பார்க்கும்போது வரும் பதற்றம் எந்தக் கார் துரத்தலிலும் வருவதில்லை.

அதன் பிறகு வந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2007இல் வந்த நான்காம் பாகத்தில் மெக்ளேன் காரை ஏவி ஹெலிகாப்டரை வீழ்த்துகிறார், போர் விமானத்தோடு மல்லுக்கட்டுகிறார். 2013இல் வந்த ஐந்தாம் பாகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். மீதியை மறுவாரம்தான் பார்த்தேன்.

வேடிக்கை என்னவென்றால், ‘டை ஹார்ட்’ படமே ஒரு வகையில் தொடர்ச்சிதான். ரோடரிக் தார்ப் 1979இல் எழுதிய நாவலைத் தழுவி எடுக்கப்பட்ட படம் அது. அந்த நாவலோ அவருடைய 1966ஆம் ஆண்டு நாவலின் அடுத்த பாகம். முந்தைய நாவல் 1968இல் படமானபோது அதில் நடித்தவர் பிராங்க் சினாட்ரா என்பதால், எழுபது வயதைக் கடந்திருந்த அவரிடம்தான் இந்த வாய்ப்பை முதலில் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் மறுத்துவிட்டார். ஆக, தொடர்ச்சி என்பதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது.

குற்றம் எங்கே என்பதைப் பளிச்சென்று காட்டும் படம் ‘ஸ்பீட் 2’. ‘டை ஹார்ட்’ படத்தின் ஒளிப்பதிவாளரான யான் டி பான்ட் 1994இல் ‘ஸ்பீட்’ படத்தை இயக்கினார். வேகம் மணிக்கு 50 மைலுக்குக் கீழே இறங்கினால் பேருந்து வெடித்துவிடும். கதை முழுவதும் இந்த ஒற்றை வரிதான். நிறுத்தக்கூடாது என்ற அந்தத் தடைதான் எதிரே வரும் ஒவ்வொரு சிக்னலையும், ஒவ்வொரு வளைவையும், ரோட்டைக் கடக்கும் ஒவ்வொரு ஆளையும் ஆபத்தாக மாற்றியது. 1997இல் அதே இயக்குநர், பேருந்துக்குப் பதிலாகச் சொகுசுக் கப்பலை வைத்து இரண்டாம் பாகத்தை எடுத்தார். நாயகன் கீனு ரீவ்ஸ் நடிக்க மறுத்துவிட்டார். அவர் நடித்திருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். கப்பல் பெரியது, செலவு பெரியது, இறுதியில் நடக்கும் மோதலும் பெரியது. ஆனால் செய்யக்கூடாதது என்று அந்தக் கதையில் எதுவுமே இல்லை. நடுக்கடலில் போகும் கப்பலுக்குச் சிக்னல் ஏது?

இன்னொரு வகைத் தோல்வியும் உண்டு, வசூலில் வெற்றிபெற்ற தோல்வி. 1982இல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாயை ஒரு சிற்றூரின் காவல்துறை துரத்தித் துரத்தி அடிக்கும் கதை. படம் முழுவதிலும் இறந்துபோகிறவன் ஒரே ஒருவன். அவனும் ஹெலிகாப்டரிலிருந்து தவறி விழுந்து இறக்கிறான். தன் பழைய தளபதியின் தோளில் சாய்ந்து ராம்போ குழந்தையைப்போல அழுவதோடு படம் முடிகிறது. டேவிட் மொரெலின் மூல நாவலில் ராம்போ இறந்துவிடுகிறான். படத்துக்கும் அப்படி ஒரு முடிவை எடுத்துப் பிறகு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதால் இரண்டாம் பாகத்துக்கு ஆள் கிடைத்தான். 1985இல் வந்த அந்தப் பாகத்தில், அழுத மனிதன் வெடிக்கும் அம்புகளோடு வியட்நாமுக்குத் திரும்பிப் போய்ப் படையையே அழிக்கிறான். வசூல் முதல் படத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ராம்போ என்றதும் இன்று எவர் மனத்திலும் எழும் உருவம் அந்தப் படத்திலிருந்து வந்ததுதான். போர் ஒரு மனிதனை என்ன செய்தது என்று கேட்ட கதைக்கு, போரையே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

அந்த இரண்டாம் பாகத்தின் திரைக்கதையில், ராம்போவாக நடித்த ஸ்டாலோனோடு பெயர் பகிர்ந்தவர் ஜேம்ஸ் கேமரூன். தொடர்ச்சிப் படம் எப்படி இருக்கவேண்டும் என்று காட்டிய இரண்டு படங்களும் அவருடையவைதான். 1986இல் வந்த ‘ஏலியன்ஸ்’ படத்தில் கைநிறைய ஆயுதங்களோடு ஒரு படைப்பிரிவையே உள்ளே அனுப்புகிறார். முதல் படத்தில் சாதாரண விண்கப்பல் ஊழியர்கள், இங்கே துப்பாக்கிக்காரர்கள். அவர்கள் மனிதர்களை வேட்டையாடும் வேற்றுக்கிரக உயிரினங்களின் கூட்டுக்குள் நுழைந்த பிறகுதான், மேலே இருப்பது அணு உலையின் குளிர்விப்புக் குழாய்கள், இங்கே சுடக்கூடாது என்பது தெரியவருகிறது. துப்பாக்கியின் தோட்டா மேகசின்களைக் கழற்றிக் கொடுக்கும்படி உத்தரவு வருகிறது. கொடுத்த ஆயுதத்தைத் தேவையான நேரத்தில் கையிலிருந்து வாங்கிவிடுகிறார், பாருங்கள்.

1991இல் வந்த ‘டெர்மினேட்டர் 2’ இதைவிடத் துணிச்சலானது. 1984இல் வந்த முதல் படம் ஏறத்தாழ 64 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது; இரண்டாவதற்கு ஆன செலவு 10 கோடி டாலர் அளவுக்குப் போனது. இத்தனை பணம் கையில் இருக்கும்போது, யாராலும் தடுக்க முடியாத ஆர்னால்டின் இயந்திரத்தை இன்னும் பலசாலியாக்கிக் காட்டுவதுதான் எவருக்கும் தோன்றும். கேமரூன் அவரைப் பழைய மாடலாக்கினார். எதிரே நிற்பது உருகி ஓடி மறுபடியும் கூடும் உலோகம்; அதன் முன்னால் ஆர்னால்ட் ஓட்டை டிரங்குப் பெட்டி. போதாததற்கு, யாரையும் கொல்லக்கூடாது என்று, அவர் காப்பாற்ற வந்த சிறுவன் அவரிடம் சத்தியம் வாங்கிவிடுகிறான். முதல் படத்தில் ஒரு காவல் நிலையத்தையே சுடுகாடாக்கிய அதே வகை இயந்திரம், இங்கே காவல்துறை வாகனங்களைச் சல்லடையாகத் துளைத்த பிறகு, இறந்தோர் எண்ணிக்கை சுழியம் என்று தன் கண்ணுக்குள் சரிபார்த்துக்கொள்கிறது.

அந்தச் சிறுவனின் தாய் சாரா கானரின் வழியாகப் பார்த்தால் இந்தத் தொடர்ச்சியின் ஆழம் புரியும். மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி வராந்தாவில் ஓடிவருகிறாள். எதிரே லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளிருந்து ஆர்னால்ட் இறங்குகிறார். அவர் இந்த முறை காப்பாற்ற வந்தவர் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கால் வழுக்கி விழுந்து, வழவழப்பான தரையில் பின்னோக்கித் தவழ்கிறாள். முதல் படத்தில் அவளைக் காப்பாற்ற வந்த கைல் ரீஸ் அவளிடம் சொன்ன அதே சொற்களைச் சொல்லிக் கை நீட்டுகிறது இயந்திரம். முதல் படம் என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்தக் காட்சிக்குப் பொருளே இல்லை. இந்தக் காட்சி வந்த பிறகு முதல் படத்துக்கும் ஒரு கனம் கூடிவிடுகிறது.

பின்னால் வந்தவற்றில் 2004இல் இரண்டாம் பாகமாக வெளியான ‘தி போர்ன் சுப்ரீமஸி’ படத்தையும் இந்த வரிசையில் வைப்பேன். கோவாவில் ஒளிந்து வாழும் முன்னாள் உளவுத்துறைக் கொலையாளி ஜேசன் போர்ன், படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே காதலியை இழக்கிறான். ஆனால் பழிவாங்குவதற்காக அவன் அத்தனை தூரம் போகவில்லை என்பது இறுதியில்தான் தெரிகிறது. மாஸ்கோவில் கார் துரத்தல் ஓய்ந்த பிறகு, காயத்தோடு நொண்டிக்கொண்டே ஒரு இளம்பெண்ணின் வீட்டுக்குப் போய், உன் பெற்றோரைக் கொன்றவன் நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பனியில் இறங்கி நடக்கிறான். சண்டையில் வெல்லத் தெரிந்தவனுக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய் திறப்பதுதான் கடினமாக இருக்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று. பள்ளி நாளில் பெரியப்பா வீட்டில், வாடகைக்கு எடுத்துவந்த கேசட்டில் ‘டெர்மினேட்டர்’ முதல் பாகத்தை ஒரு சனிக்கிழமையும் இரண்டாம் பாகத்தை மறுநாளும் பார்த்தோம். ஆங்கில வசனம் எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை. வணிக வளாகத்தின் பின்புற நடையில் ஒரு பக்கம் காவலர் உடையில் ஒருவரும் மறுபக்கம் ரோஜாப்பூப் பெட்டிக்குள் துப்பாக்கியை மறைத்த ஆர்னால்டும் வர, நடுவில் சிறுவன் மாட்டிக்கொண்டபோது, போலீஸ்காரரிடம் ஓடு என்று நாங்கள் எல்லோரும் கத்தினோம். ஆர்னால்ட் சிறுவனைக் குனியச் சொல்லி அவன் தலைக்கு மேலாகச் சுட்ட நொடியில் எங்கள் கத்தல் அப்படியே அடங்கிப்போனது.

சென்ற ஆண்டு என் மகளுக்கு இந்தப் படங்களைக் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். அவள் தோழி வீட்டில் இரண்டாம் பாகத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். அதனால் என்ன, முதல் பாகத்தைப் பார் என்று போட்டேன். காவல் நிலையக் காட்சியில் பிணங்கள் விழ விழ, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்பப்பா இவர் நல்லவராவாரு?” என்று கேட்டாள். எரிந்த எலும்புக்கூடாக அது எழுந்து நின்ற பிறகும் அவள் காத்திருந்தாள்.