நீச்சல் குளத்து பம்பு ஓடும்போது பிரேக்கர் அடிக்கடி விழுகிறது: பிரேக்கரை மாற்றினால் சரியாகுமா?

பம்பைப் போட்டால் சிறிது நேரத்தில் பிரேக்கர் விழுகிறது, ஏற்றிவிட்டால் மறுபடியும் விழுகிறது, புது பிரேக்கர் வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவதற்கு முன் விழுவது எம்சிபியா (ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும் பிரேக்கர்) ஆர்சிசிபியா (மின்கசிவுக்கு விழும் பிரேக்கர்) என்பதையும், சுவிட்சைப் போட்டு எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் இவ்விரண்டுமே காட்டிக் கொடுத்துவிடும்.

விழுவது ஆர்சிசிபி என்றால், மின்சாரம் எங்கோ ஈரத்தின் வழியாகவோ எர்த் வழியாகவோ கசிகிறது என்று பொருள். உயிர்ப் பாதுகாப்புக்காகப் பொருத்தப்படும் ஆர்சிசிபி பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டித்துவிடும். எனவே காரணம் தெரியும்வரை குளத்தில் யாரையும் இறங்க விடாதீர்கள். ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடியாக இணைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இந்தக் கசிவுக்கு நான் முதலில் சந்தேகிப்பது, பம்பின் தண்ணீர் சுழலும் தண்டு வழியாக மோட்டாருக்குள் போகாமல் தடுக்கும் ஷாஃப்ட் சீலைத்தான். பம்பும் மோட்டாரும் சேரும் இடத்துக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஈரமோ, காய்ந்து படிந்த வெள்ளைப் படலமோ, துரு வழிந்த கோடோ தெரிந்தால், சீல் தேய்ந்து தண்ணீர் ஷாஃப்ட் வழியாக மோட்டாரின் பேரிங்குக்கும், நாளடைவில் வைண்டிங்குக்கும் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) போகிறது என்று கொள்ளலாம். மோட்டாரைக் காயவைத்தால் சில நாட்கள் ஓடும், ஆனால் சீலை மாற்றாதவரை பழுது திரும்பி வரும். மோட்டாரை மட்டும் மாற்றிப் பழைய சீலையே வைத்தால் புது மோட்டாருக்கும் அதே கதிதான்.

பழுது மோட்டாரிலா கேபிளிலா என்று பிரித்தறிய, மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, மோட்டார் டெர்மினலில் வரும் வயர்களைக் கழற்றித் தனித்தனியே இன்சுலேஷன் செய்துவிட்டு பிரேக்கரை ஏற்ற வேண்டும். அப்போதும் விழுந்தால் பழுது கேபிளிலோ அதே லைனில் இருக்கும் வேறு கருவியிலோ உள்ளது. விழாமல் நின்றால், எலெக்ட்ரீஷியனை அழைத்து 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைண்டிங்குக்கும் மோட்டார் பாடிக்கும் இடையே சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் மோட்டாரை ஓட்டக் கூடாது.

விழுவது எம்சிபி என்றால் நேரம்தான் துப்பு. போட்டவுடனேயே விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட். மோட்டார் சுற்றாமல் உறுமிவிட்டுச் சில நொடிகளில் விழுந்தால், மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டர் போயிருக்கும் அல்லது ஷாஃப்ட் இறுகியிருக்கும். கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் பல மடங்கு கரண்ட், அது சுற்றத் தொடங்கினால்தான் இறங்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் கெப்பாசிட்டரையும், இறுக்கமாக இருந்தால் பேரிங்கையும் இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) சிக்கிய குப்பையையும் பார்க்க வேண்டும். கெப்பாசிட்டர் அணைத்த பிறகும் சார்ஜை வைத்திருக்கும் என்பதால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

உங்கள் பம்பு சிறிது நேரம் ஓடிய பிறகே விழுகிறது என்பதால், அது எம்சிபியாக இருந்தால், வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கரண்டை அளந்து மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் குறைந்த வோல்டேஜ், தேய்ந்த பேரிங், வைண்டிங் பழுது ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். சரியாக இருந்தும் விழுந்தால், பிரேக்கரின் டெர்மினல் ஸ்குரூ தளர்ந்து, வயர் முனை கறுத்து, அந்தச் சூடே பிரேக்கரைத் தள்ளிவிடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபில்டர் அடைத்திருப்பதால் லோடு கூடிவிட்டது என்று பலர் சொல்வார்கள். ஆனால் இம்பெல்லர் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இவ்வகைப் பம்பில் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் கரண்டும் பொதுவாகக் குறையவே செய்யும்.

பிரேக்கரை மாற்றுவது சரியாகும் இடமும் உண்டு. மோட்டாரில் குறையில்லை, கிளம்பும் கணத்தில் மட்டும் விழுகிறது, பொருத்தியிருப்பது கிளம்பும் கரண்டுக்கே எளிதில் விழும் பி வகை எம்சிபி என்றால், அதே ஆம்பியரில் அதைக் கூடுதலாகத் தாங்கும் சி வகைக்கு மாற்றலாமா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஆம்பியரை மட்டும் கூட்டிவிடாதீர்கள். கூட்டினால் பிரேக்கர் விழாமல் நிற்கும், ஆனால் கேபிள் எரியக்கூடும்.