பாட்ட நிறுத்துங்க, படிப்ப ஏன் நிறுத்தினீங்க?

கேள்வி: எங்க ரூட் மினி பஸ்ஸுல காலைல இருந்தே பொண்ணுங்கள திட்டற பாட்டுதான். அதக் கேட்டுட்டு பசங்க பொண்ணுங்க பின்னாடியே சுத்தறானுங்க. அதான் என் பொண்ண பிளஸ் டூவோட நிறுத்திட்டேன். சமுதாயத்த கெடுக்கறது இந்தப் பாட்டுங்கதானே?
- ஒரு அப்பா, கோத்தகிரி

பதில்: கெடுக்குதுங்கண்ணா, இல்லைங்கல. வேணாம்னு சொன்ன பொண்ணு பின்னாடியே போனா ஒருநாள் சரிம்பா, சொல்லலைன்னா அவ மோசக்காரி, இதையே விதவிதமான மெட்டுல கேட்டு வளர்ற பையனுக்கு அது தப்புன்னே தோணாது. 2015 டிசம்பர்ல சிம்பு பாடின பீப் பாட்டு வந்தப்ப கீழ கோயம்புத்தூர்ல மாதர் சங்கம் புகார் குடுத்து கேஸே ஆச்சு. அதுல கெட்ட வார்த்தை இருந்துச்சு, எல்லாருக்கும் சுருக்குன்னு பட்டுச்சு. அதே விஷயம் கெட்ட வார்த்தை இல்லாம வந்தா கல்யாண வீட்டுல நாமளே ஆடறோம் (நீங்களும் ஆடிருப்பீங்க).

ஆனா உங்க கணக்குதான் இடிக்குது. பாட்டு போட்டது டிரைவர், பின்னாடி வந்தது எவனோ ஒரு பையன், வீட்டுல உக்காந்திருக்கறது உங்க பொண்ணு! அந்தப் பையன் படிப்ப யாராச்சும் நிறுத்தினாங்களா?

பாட்டு நல்லதும் பண்ணிருக்கு. 1990கள் ஆரம்பத்துல புதுக்கோட்டைல எழுதப் படிக்கச் சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கத்துல, பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கணும்னு பாட்டு கட்டி ஊர் ஊரா பாடினாங்க, கல்குவாரில வேலை பாத்தவங்க, அங்கன்வாடி டீச்சருங்கன்னு ஆயிரக்கணக்குல ஏறி மிதிச்சாங்க, ஊர்ல கிண்டலும் பண்ணத்தான் செஞ்சாங்க. ஆனா வெறும் பாட்டால மட்டும் அது நடக்கல, எழுதப் படிக்க கிளாஸ் நடந்துச்சு, ஓட்ட கத்துக்குடுக்க ஆள் இருந்தாங்க, சைக்கிள் வாங்க லோனும் கெடச்சுது.

நம்ம ஏத்தத்துல சைக்கிள் ஆகாது, பஸ்தான். மகளிருக்கு கவர்மெண்ட் பஸ்ல ஃப்ரீ டிக்கெட் கீழ 2021லயே வந்துச்சு, மலை ஏற 2024 ஆச்சு. இத்தன வருஷம் பொண்ணுங்கள வீட்டுல வச்சதுல பஸ் காசுக்கும் பங்கு இருக்குங்க, அதப் பத்தி யாரும் எனக்கு லெட்டர் போடல.

டிரைவர்கிட்ட நாலு பேரா போய் பாட்ட மாத்தச் சொல்லுங்க, கேக்கலைன்னா ஆர்டிஓ ஆபீஸ்ல மனு குடுங்க. பின்னாடி வர்றவனுக்கு போலீஸ் இருக்கு, பெண்கள் உதவி நம்பர் 181 இருக்கு. பொண்ணு ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா காலேஜ் போறப்ப புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும். ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜுக்கு அப்ளிகேஷன் போடறப்ப அவளையும் பக்கத்துல உக்கார வைங்க, எந்த கோர்ஸ்னு அவளே சொல்லட்டும்.