படிப்பு வேண்டாத வேலையா?

கேள்வி: ஹவுஸ்கீப்பர் என்பது வீட்டுவேலை செய்பவருக்கு வைத்த பகட்டுப் பெயர்தானே? படிப்பே தேவைப்படாத வேலைக்கு எதற்கு இவ்வளவு மரியாதை?
– வாசகர் ஒருவர்

பதில்: இல்லை. எந்த வேலையை யார், எப்போது செய்வது என்று முடிவெடுப்பவர் ஹவுஸ்கீப்பர். சாவிக்கொத்து, துணிகளின் கணக்கு, வாங்கவேண்டிய சாமான், ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுப்பது எல்லாம் அவர் கையில். ஓட்டல்களில் அது ஒரு தனித் துறை. சரி, கேட்டதற்குப் பதில் முடிந்தது.

'படிப்பே தேவைப்படாத' என்றீர்களே, அதை விடுவதாக இல்லை. கழிப்பறை ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சையும் ஊற்றினால் என்ன ஆகும், தெரியுமா? குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில், 1915-இல், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் சிப்பாய்களைக் கொன்ற அதே வாயு. ஜன்னல் இல்லாத குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். பிரிட்டன் மருத்துவமனைகளில் கழிப்பறைக்குச் சிவப்பு மாப், சமையலறைக்குப் பச்சை, பொது இடங்களுக்கு நீலம், தொற்றுநோயாளி அறைக்கு மஞ்சள். ஓர் இடத்து மாப்பை இன்னோர் இடத்தில் போட்டால் கிருமியும் கூடவே அங்கே போகும். இதெல்லாம் தெரியாதவர் கையில் வாளியைக் கொடுக்கவே கூடாது.

படிப்பு என்றதும் கட்டடம் வரைகிற படித்தவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்களோடு எனக்குப் பழைய சண்டை. முகப்பு முழுக்கக் கண்ணாடி வைப்பார்கள். அதைத் துடைப்பவர் எங்கே காலூன்றி நிற்பார் என்று யோசிக்க மாட்டார்கள். அழுக்குத் தண்ணீர் கொட்டத் தாழ்வாக ஒரு தொட்டி, வாளியும் துடைப்பமும் வைக்க ஓர் அலமாரி, ஈர மாப் காயக் காற்றோட்டமான ஒரு மூலை. வரைபடத்தில் இவற்றைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. காயாத மாப்பில் கிருமி பெருகும். மறுநாள் அதைத்தான் தரையெல்லாம் தேய்க்கிறோம். வரைபடத்தை முதலில் ஹவுஸ்கீப்பரிடம் காட்டுங்கள் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி, அவர்களுடைய கோபத்தையும் சம்பாதித்தாயிற்று. கோபித்துக்கொள்ளட்டும்.

அப்புறம், அந்த மரியாதை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கியது 1919-இல். வீடுகளில் வேலை செய்பவர்களுக்கென்று தனி உடன்படிக்கை, அதாவது 189-வது, நிறைவேறியது 2011-இல். வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு, அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கும் உரிமை: இவற்றை எழுதிவைக்கவே 92 வருடம் ஆகியிருக்கிறது. எந்த மரியாதை அதிகமாகிவிட்டது என்கிறீர்கள்?