சஹருக்கும் தராவீஹுக்கும் நடுவில்

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மேலப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. மாமியும் எங்களோடுதான் இருக்கிறார்.

ரமலான் முடிந்து பெருநாளும் போய்விட்டது. எனக்கு இந்த வருடமும் அந்த மாதம் அடுப்படியிலேயே கழிந்தது. விடியுமுன்னே சாப்பிடுகிற சஹருக்கு எல்லாருக்கும் முன்னால் எழுந்து சோறாக்க வேண்டும். அப்புறம் பள்ளிக்கூடம். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வடை, சமோசா, கட்லெட், கடற்பாசி என்று ஆரம்பித்தால், நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்கு சொல்லும்போதுதான் அடுப்பை அணைக்கிறேன். வீட்டுக்காரர் குர்ஆனை முழுதாக ஓதி முடித்துவிட்டார். நான் முப்பது ஜுஸ்வு பாகங்களில் நாலாவதைத் தாண்டவில்லை. தொழ நின்றால் மகன் முதுகில் ஏறுகிறான், முசல்லா விரிப்பை இழுக்கிறான், எத்தனை ரக்அத் தொழுதேன் என்பதே மறந்துபோகிறது. யாரிடமாவது சொன்னால், “பிள்ளை வளர்ப்பதும் சமைப்பதும் இபாதத்துதானே, வணக்கம்தானே” என்கிறார்கள். மனசு ஆறவில்லை. விட்டுப்போய்ப் பிறகு வைக்க வேண்டிய கழா நோன்பு வேறு பாக்கி இருக்கிறது. வீடு, வேலை, தீன் (மார்க்கம்) மூன்றையும் எப்படிச் சமமாகக் கொண்டுபோவது?

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

முதலில் உங்கள் மகன் விஷயம். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தூக்கி வைத்துக்கொண்டே தொழுதிருக்கிறார்கள். நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிடுவார்கள், நிமிரும்போது மறுபடி தூக்கிக்கொள்வார்கள். நீளமாகத் தொழ வைக்கலாம் என்று எண்ணி நின்றாலும், பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் அந்தத் தாயின் மனசு படும் பாட்டை நினைத்துத் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். முதுகில் ஏறுகிற பிள்ளையோடு தொழுவது தொழுகைதான். ரக்அத் மறந்தால்? மறதியைச் சரிசெய்யச் செய்கிற சஜ்தா சஹ்வு என்று ஒன்று எதற்கு இருக்கிறது? நீங்கள் ஓதின சட்டத்திலேயே அதற்கு வழி சொல்லியிருக்கிறது. மனசு ஒருமிக்கவில்லையே என்றால், மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இப்போதைக்கு இவ்வளவுதான். அவன் பள்ளிக்கூடம் போகிற வயதில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த “இபாதத்துதானே”.

அந்தப் பேச்சில் பொய் இல்லை. ஆனால் சொல்கிறவர் சமோசாவுக்குக் கையை நீட்டிக்கொண்டே சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். நபி இஸ்மாயீலின் தாய் ஹாஜரா அம்மையார் மக்காவில் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையில் ஏழு தடவை ஓடினார்கள். இன்றைக்கும் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிற ஒவ்வொருவரும், அரசனானாலும் ஆலிமானாலும், அந்தத் தாய் ஓடின வழியில் நடந்துதான் ஆகவேண்டும். ஒரு தாயின் அலைச்சலுக்குத் தீனில் இருக்கிற மரியாதை அது. ஆனால் அவர் ஓடினது எதற்கு? தாகத்தில் துடித்த பிள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணீருக்கு. ஐந்து வகைப் பலகாரத்துக்கு அல்ல.

நோன்பு திறப்பதற்கு முந்தைய நேரத்தை யோசித்துப் பாருங்கள். நோன்பாளியின் துஆவுக்கு அதைவிட மேலான நேரம் இல்லை என்று பயானில் கேட்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் நம் வீட்டு ஆண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு விரிப்பில் உட்கார்ந்து கையேந்துகிறார்கள். பெண்கள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறார்கள். கடைசி ஈடு வடை சிவக்கவில்லை, ரோஸ்மில்க்கில் சர்க்கரை கரையவில்லை, பேரீத்தம்பழம் வைத்த தட்டைக் காணோம். பாங்கு சொல்லியாகிவிட்டது. நின்ற வாக்கிலேயே ஒரு பழத்தை வாயில் போட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எல்லாருக்கும் வந்துச்சா?” என்று எட்டிப் பார்க்கிறோம். பகலெல்லாம் பட்டினி கிடந்ததன் பலனைக் கேட்டு வாங்க வேண்டிய அந்தக் கால்மணி நேரம், கருகின எண்ணெய் வாசத்தில் போய்விடுகிறது. உங்கள் மனசு ஆறாததில் தப்பே இல்லை.

இதை யார் நம் மேல் விதித்தது? பேரீத்தம்பழம், அது இல்லாவிட்டால் தண்ணீர். நோன்பு திறக்க மார்க்கம் கேட்பது அவ்வளவுதான். பொழுது சாய்கிற நேரத்தில் பொடியன்கள் தூக்குவாளியோடு போய்ப் பள்ளிவாசலில் வரிசையில் நிற்பார்கள். அரசாங்கம் கொடுக்கிற பச்சரிசியோடு பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்த்துப் பெரிய தேக்சாவில் ஆண்களே காய்ச்சுகிற கஞ்சி. (ஊருக்கே காய்ச்சத் தெரிந்த ஆண்களுக்கு வீட்டில் மட்டும் உப்பு டப்பா எங்கே என்று தெரியாது.) அந்தக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வடை இருந்தால் வயிறு நிறைந்துவிடும்.

என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது எங்கள் வீட்டில் நான் வைத்த ஏற்பாடு இதுதான்: பள்ளிவாசல் கஞ்சி, பழம், ஏதாவது ஒரே ஒரு பலகாரம். எல்லா வகையும் வெள்ளிக்கிழமை மட்டும். முதலில் மாமியின் முகம் சுருங்கியது. “நோன்பு நாளில் வீடு இப்படி வெறிச்சுன்னு இருக்குதே” என்றார். கொஞ்ச நாளில் அவருக்கே நெஞ்செரிச்சல் குறைந்துபோய், தன் மகனிடம் “எண்ணெய்ப் பண்டம் எதுக்கு?” என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். உங்கள் மாமி எப்படியோ தெரியாது. ஆனால் கேட்காமலேயே மறுத்துவிடுவார் என்று நாமாக முடிவு கட்டிக்கொள்வதுதான் அதிகம்.

சமமாகக் கொண்டுபோவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நபித்தோழர் ஸல்மான் ஃபாரிஸி (ரலி), இன்னொரு தோழரான அபுத் தர்தாவின் வீட்டுக்குப் போன சம்பவம்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டு பேரையும் நபியவர்கள் சகோதரர்களாக ஆக்கியிருந்தார்கள். ஸல்மான் போனபோது அபுத் தர்தாவின் மனைவி பழைய உடுப்போடு, கவனிப்பே இல்லாத கோலத்தில் இருந்தார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, உங்கள் சகோதரருக்கு இந்த உலகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை என்றார். அபுத் தர்தா பகலில் நோன்பு, இரவில் தொழுகை. ஸல்மான் அவரை நோன்பை விட்டுச் சாப்பிட வைத்தார், இரவில் எழப் போனவரைத் தூங்கச் சொன்னார், பின்னிரவில் எழுப்பி இரண்டு பேருமாகத் தொழுதார்கள். அப்புறம் சொன்னார்: உன் இறைவனுக்கு உன்மேல் உரிமை இருக்கிறது, உன் உடம்புக்கும் மனசுக்கும் உரிமை இருக்கிறது, உன் குடும்பத்துக்கும் இருக்கிறது, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடு. இது நபியவர்களின் காதுக்குப் போனது. ஸல்மான் சொன்னது சரி என்றார்கள்.

இந்த ஹதீஸை வணக்கத்தில் மூழ்கிக் குடும்பத்தை மறந்த ஆணுக்குத்தான் எப்போதும் சொல்கிறார்கள். உங்களுக்கு அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். உங்கள் வீட்டில் குடும்பத்தின் பங்கு குறையவே இல்லை. இறைவனின் பங்கையும், உங்கள் உடம்பின் பங்கையும் அதுவே எடுத்துக்கொண்டுவிட்டது. அவரவர் உரிமையைத்தான் கொடுக்கச் சொன்னார், மூன்றையும் ஒரே அளவாகப் பிரிக்கச் சொல்லவில்லை. ஒரு நாளில் குடும்பத்துக்குப் பத்து மணி நேரம் போகலாம், ஓதுவதற்குக் கால்மணி நேரம்தான் கிடைக்கலாம். அந்தக் கால்மணி நேரம் உங்களுடையது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிய வைப்பது உங்கள் வேலை. சஹருக்குச் சோற்றையும் கறியையும் இரவே ஆக்கி வைத்துவிட்டால், சூடு பண்ண ஒரு ஆள் போதும். அது உங்கள் வீட்டுக்காரராக ஏன் இருக்கக்கூடாது? வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, வீட்டாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் கிளம்பிப் போவார்கள் என்றுதான் பதில் சொன்னார்கள். குர்ஆனை முழுதாக ஓதி முடித்தவருக்கு இது புதிதாக இருக்காது. கோபமாக இல்லாமல் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள்: “இனி சஹர் உங்க பொறுப்பு, ஃபஜ்ருக்கு முன்னாடி நான் ஓதணும்.”

நாலு ஜுஸ்வைக் குறைவாக நினைக்காதீர்கள். கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் செய்வதுதான் அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்று நபிமொழி இருக்கிறது. ரமலான் முடிந்தது என்று மூடி வைக்காமல் ஐந்தாவது ஜுஸ்வை இந்த மாதமே எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

கழா நோன்புக்கும் அவசரம் இல்லை. தன் பாக்கி நோன்பை அடுத்த ரமலானுக்கு முந்தின மாதமான ஷஅபானில்தான் வைக்க முடிந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் பகல் குறைவு, வெயிலும் இருக்காது. பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்துகிற உங்களுக்கு அது தோதாக இருக்கும்.

ஒன்று மட்டும் அடுத்த ரமலானில் மாற்றிக்கொள்ளுங்கள். தொழுகையும் நோன்பும் இல்லாத அந்த மாதவிலக்கு நாள்களிலும் சஹருக்கு எழுந்து எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, பகலில் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று ஒளிந்து தண்ணீர் குடிப்போம். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். அந்த நாள்களில் இரவே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, “நாளைக்கு என்னை எழுப்ப வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் படுங்கள். மாமியிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவருக்குத் தெரியும்.

வஸ்ஸலாம்.