குறுந்தூர விமானம் ஒன்றை ஒரே நாளில் ஆறேழு தடவை எப்படிப் பறக்க வைக்கிறார்கள்?

ஒரு விமானம் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்பதே அதன் தினசரிப் பயன்பாடு. குத்தகைப் பணம் நின்றாலும் பறந்தாலும் ஒன்றுதான். டிக்கெட் காசு பறந்தால் மட்டுமே வரும்.

திருகோணமலை–கிண்ணியா பஸ்ஸைப் பாருங்கள். ஓட்டம் சின்னது, ஸ்டாண்டில் நிற்கும் நேரம்தான் நாளைத் தின்னும். கொழும்பு பஸ்ஸுக்கு அந்தக் கவலை குறைவு.

விமானத்திலும் இதே கணக்குத்தான். ஆறு பறப்புக்கு இடையில் ஐந்து தரிப்பு. ஒவ்வொன்றையும் 45 நிமிடத்திலிருந்து 25 ஆக்கினால் 100 நிமிடம் மிஞ்சும்: இன்னொரு 25 நிமிடத் தரிப்பு, 75 நிமிடப் பறப்பு. அதற்காகவே முன் வாசல், பின் வாசல் இரண்டாலும் ஆட்களை இறக்குவார்கள். அதே நேரம் கீழே பொதிகள் இறங்கும், உள்ளே பணியாளர்களே இருக்கைப் பைகளில் குப்பை எடுப்பார்கள். வழக்கமான பராமரிப்பை இரவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஆபத்தும் இங்கேதான். காலையில் முதல் பறப்பு 30 நிமிடம் பிந்தினால் மாலை வரை இழுபடும். அதனால் நல்ல அட்டவணையில் நடுப்பகலில் ஒரு நீண்ட தரிப்பு இருக்கும். அதை வீண் என்று வெட்டுவது பெரிய பிழை.

விமானம் நாள் முழுக்க ஓடினால் விமானியும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, பணிநேரத்துக்குச் சட்ட வரம்பு உண்டு, இடையில் ஆள் மாறுவார்கள்.